உப்புப் பாத்திக்கு முதுகைக் காட்டிப் படித்த பாடம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

ஊரடங்கு வந்து கல்லூரியைப் பூட்டி, எல்லோரும் வீட்டிலிருந்தே பாடம் நடத்துங்கள் என்று சொன்ன புதிது. நான் நடத்திவந்தது கலைவழி ஆய்வு. கேள்வித்தாளை நீட்டி "ஆம், இல்லை, தெரியாது" என்று டிக் வாங்குகிற வேலை இல்லை இது. மக்களோடு உட்கார்ந்து படம் வரைந்து, களிமண் பிசைந்து, துணித்துண்டு ஒட்டி, கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகப் பேசுமே, அந்தப் பேச்சிலிருந்து அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது. கையால் செய்யாமல் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆகவே என் கை மாணவர்கள் எல்லோருக்கும் மேலிருந்து தெரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். சமையல் வீடியோக்களில் சட்டியும் கரண்டியும் மட்டும் மேலிருந்து தெரியும் பாருங்கள், அந்த மாதிரி. அதற்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும். எங்கள் ஊர் மரக்காணத்தில் எல்லாக் கடையும் பூட்டு. மேலே பார்த்தேன். ஃபேன் இருந்தது.

துணி காயப்போடும் கயிற்றை அறுத்து, செல்போனை ஃபேன் இறக்கையில் கட்டினேன். என் மனைவி செலின் வாசற்படியில் நின்று, "ஏங்க, இது வேணாங்க" என்றாள். ஆய்வு முறைகளில் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஃபேன் ஓடவில்லை. அதனால் சுவிட்சு அணைந்திருக்கிறது என்று நம்பினேன். உண்மையில் கரண்ட் போயிருந்தது.

"பாருங்க, கட்டை விரலால இப்படி அழுத்தணும்" என்று நான் களிமண்ணை அழுத்தவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது.

மாணவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: மேசை, ஜன்னல், செலின், மாதா படம், மேசை, வாயைப் பிளந்த நான், செலின், மாதா படம். அப்புறம் வேகம் கூடிவிட்டதால் எது யார் என்று பிரிக்க முடியவில்லையாம். போன் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்து சோபாவில் குப்புற விழுந்தது. விழுந்தும் லைன் கட்டாகவில்லை. அன்றைய வகுப்பின் மிச்ச நேரம் முழுக்க அவர்கள் கேட்டது, செலின் என்னைப் பற்றித் தெரிவித்த கருத்துகள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அதுவரை வாயே திறக்காமல் கறுப்புக் கட்டங்களாக இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் மைக்கைத் திறந்தார்கள். சிரிப்பதற்காகத்தான். ஆனாலும் திறந்தார்கள். அவ்வளவு கயிறு, அவ்வளவு ஏற்பாடு, எல்லாம் என் கையைக் காட்டுவதற்காக. அவர்கள் கை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் கேட்கவே இல்லை. சொல்லிக்கொடுக்கிறவன் கையை உலகத்துக்கே காட்டலாம். கற்றுக்கொள்கிறவன் கை சும்மா இருந்தால் வகுப்பு நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். இது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் அடுத்த தப்பைச் செய்தேன்.

எல்லோர் கையிலும் ஒரே மண் இருந்தால் எல்லோரும் ஒரே அறையில் இருப்பது மாதிரி ஆகிவிடும் என்று ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். குயவர் மண் வாங்க வழியில்லை. ஆனால் எங்கள் ஊரில் மண்ணுக்கா பஞ்சம்? உப்பளத்துப் பாத்தி ஓரத்தில் கறுப்பாக, வழவழவென்று, வெண்ணெய் மாதிரி சேறு கிடக்கிறது. அள்ளிவந்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரே வண்டியான பால் வண்டியில் ஏற்றி, ஊர் ஊராக இருந்த மாணவர்களுக்கு அனுப்பினேன். உப்பு மண் லேசில் காயாது. காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து வேர்க்கும். இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ஆய்வு என்று வந்துவிட்டால் தெரிந்தது அத்தனையும் மறந்துபோகிற அளவுக்கு நான் படித்திருந்தேன்.

"ஊரடங்கில் எங்கள் வீடு" என்று தலைப்புக் கொடுத்தேன். வானூர்ப் பக்கத்துப் பையன் பிரகாஷ் பிரமாதமாகச் செய்தானாம். வீடு, வீட்டுக்குள் அம்மா, தங்கச்சி, மூலையில் உட்கார்ந்திருக்கிற அப்பா. காயட்டும் என்று மாட்டுக் கொட்டகைச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். வகுப்பில் அவன் முறை வந்தது. கேமரா முன்னால் ஒரு வழவழப்பான உருண்டையைக் காட்டினான்.

"சார், வீடு இருந்துச்சு. மாடு நக்கிடுச்சு."

"எவ்ளோ மிச்சம்பா?"

"அப்பா மட்டும் இருக்காரு சார்."

வகுப்பே உருண்டு சிரித்தது. உப்புச் சேற்றை மாடு உள்ள வீட்டுக்கு அனுப்பிய ஆராய்ச்சியாளன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் பிரகாஷ் நிறுத்தவில்லை. கொட்டகையில் நின்று அந்த உருண்டையைப் பார்த்த அவன் அப்பா, "மாட்டுக்குக்கூட நான் வேணாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம். தர்பூசணி வண்டி ஏறாமல் வயலிலேயே அழுகின நாளிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசாத மனிதர் அவர். சிரித்தவர் அங்கேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்திருக்கிறார். அழுகின வாசனை எப்படி இருந்தது, வாங்குவதாகச் சொன்ன வியாபாரி போனை எடுக்காதது, வீட்டுக்குள் வரவே கூச்சமாக இருந்தது, எல்லாம். பிரகாஷ் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டிருக்கிறான்.

கேள்வித்தாளை நீட்டி "மனநிலை எப்படி?" என்று கேட்டிருந்தால் "நல்லா இருக்கேன்" என்று ஒரு டிக் கிடைத்திருக்கும். மாட்டுக்கு மார்க் போட விதியில் இடமில்லை. பிரகாஷுக்குப் போட்டேன்.

அன்றோடு மண் மூட்டை அனுப்புவதை விட்டேன். அவரவர் வீட்டில் கிடப்பதை எடுங்கள் என்று சொன்னேன். ஒரு பெண் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை ஒட்டித் தன் தாத்தாவின் ஒரு நாளைச் செய்தாள். இன்னொருத்தன் பாத்திர மூடிகளை அடுக்கி வீட்டில் யார் பெரியவர், யார் யாருக்கு அடங்கியவர் என்று காட்டினான். அவன் அம்மா நடுவில் புகுந்து ஒரு மூடியை மாற்றி வைத்துவிட்டுப் போனார். அதுதான் அந்த வாரத்தின் சிறந்த ஆய்வு. வகுப்பறையில் நாங்கள் மெனக்கெட்டுக் கொண்டுவர வேண்டியிருந்த வாழ்க்கை, ஆன்லைனில் தானாக ஃபிரேமுக்குள் நடந்து வந்தது. நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் குறுக்கே நிற்காமல் இருப்பது. எனக்கு அது எப்போதும் கஷ்டமான வேலை.

இங்கேதான் கல்லூரி முதல்வர் போன் செய்தார். ஆளுக்கொன்று செய்கிறார்கள், அவர்கள்தான் செய்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம், செய்முறை மதிப்பெண்ணுக்கு நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் உடனே, பெருமையாக, ஒரு விதி போட்டேன். கேமரா போட வேண்டும். வகுப்பு பதிவாகும். பதிவு கல்லூரிக் கணக்கில் ஏறும், வகுப்பில் யார் வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம். கேமரா போடாதவர்களுக்கு அன்றைக்கு ஆப்சென்ட். விதிக்கு ஒரு முழக்கமும் வைத்தேன்: "கை தெரியணும்." முழக்கம் இல்லாமல் எனக்கு எதுவும் செய்யத் தெரியாது.

அந்தப் பருவத்தின் பின்பாதியில் ஒவ்வொரு மாணவரும் தங்கள் ஊரில் சிலரோடு சேர்ந்து ஒரு படமோ வரைபடமோ உருவாக்க வேண்டும், வகுப்பு நேரத்தில் அது நேரலையாகத் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ரெஜினா என்று ஒரு மாணவி. பக்கத்து ஊரான அனுமந்தைப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. ஊரடங்கிலும் உப்பு வாருவது நிற்கவில்லை. அம்மாவோடு வேலை செய்யும் பெண்களை வைத்தே ஆய்வு செய்கிறேன் என்றாள். அவர்கள் வேலையிடத்தை அவர்களே வரைபடமாக வரைவார்கள். நல்ல யோசனை, செய் என்றேன்.

அவள் கேமரா மட்டும் வரவில்லை. குரல் வரும், காற்று இரைச்சல் வரும், கறுப்புக் கட்டத்தில் ரெஜினா என்று பெயர் இருக்கும். சிக்னல் இல்லையா என்று கேட்டேன். இருக்குது சார் என்றாள். போன் ரிப்பேரா? இல்ல சார். எதையும் மறைத்துப் பேசத் தெரியாத பெண், இதை மட்டும் சொல்லவில்லை. ஒன்றும் செய்யாமல் ஏமாற்றுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தை என் வழக்கப்படி ஜோக்காக மாற்றினேன். "ரெஜினா, உன் கேமராவுக்கு மட்டும் ஊரடங்குத் தளர்வே கிடையாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள் பறந்தன.

அவள் கோபப்படவில்லை. "ஆப்சென்ட் போட்டுக்குங்க சார்" என்றாள்.

ஆப்சென்ட் சேர்ந்தால் வருகை குறையும். வருகை குறைந்தால் இறுதித் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போகும். அந்த வருடத்தை அவள் வீடு தாங்காது என்று எனக்குத் தெரியும். அட்மிஷன் அன்றைக்கே அவள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டே வருஷம் சார், அதுக்கு மேல நம்மளால ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனவர். இது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டுக்குங்க என்கிறாள்.

மறுநாள் மாலைக்குள் வருகைக் கணக்கை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் துறைத் தலைவராக இருந்த மேடத்துக்குப் போன் போட்டேன். பெயர் வேண்டாம், எழுதினால் திட்டுவார். எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் அவர்தான். ஊரடங்குத் தளர்வு ஜோக்கையும் சேர்த்து விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத இடங்களை மட்டும் குறித்து வைத்திருந்தால் நான் இன்னும் நல்ல வாத்தியாராகியிருப்பேன்.

"ஏம்பா," என்றார், "உனக்கு வேண்டியது கையா, மூஞ்சியா?"

"கைதான் மேடம். கை தெரியணும்னுதான்..."

"உன் வீட்லேர்ந்து உப்பளம் எவ்ளோ தூரம்?"

போனை வைத்துவிட்டார். பக்கம்தான். ஆன்லைனில் இருந்து இருந்து, எழுந்து போய்ப் பார்க்கலாம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை மாஸ்க் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். ஈ.சி.ஆர். ரோடு வெறிச்சோடி இருந்தது. உப்பளம் மட்டும் ஊரடங்கு தெரியாத மாதிரி வெள்ளையாகப் பளபளத்தது. வாரிக் குவித்த உப்பு வரப்போரம் அம்பாரமாக நின்றது. காலை வேலை முடிந்து பெண்கள் உப்பு வாரின ஒரு வெறும் பாத்தியைச் சுற்றி நின்றிருந்தார்கள். உப்பு வாரும் பலகையைத் திருப்பிப் பிடித்து, அதன் முனையால் ஈரத் தரையில் ஒருவர் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கையில் போனோடு ரெஜினா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். ஏமாற்றவில்லை. வேலைதான் நடக்கிறது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அடுத்து வந்தது வெட்கம். இரண்டும் சரியாக வந்து சேர்வதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடிவந்தாள்.

"சார், அங்கயே நில்லுங்க."

கொரோனா இடைவெளி என்று நினைத்து மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டேன்.

"மாஸ்க்குக்கு இல்ல சார். நீங்க பாக்கக் கூடாது."

பாத்தியிலிருந்து பலகை பிடித்திருந்த அக்கா, தனலட்சுமி என்று பெயர், யாரும்மா அது என்று குரல் கொடுத்தார். எங்க சாரு என்றாள் ரெஜினா.

"எந்தச் சாரு? ஃபேன்ல போன் கட்டுனவரா?"

"ஆமாக்கா."

பாத்தி முழுக்கச் சிரிப்பு. என் புகழ் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஏன் நான் பார்க்கக் கூடாது என்று கேட்டேன். கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டிருப்பேன்.

"மொத கிளாஸ்ல நீங்கதான் சார் சொன்னீங்க. வரைஞ்சது வரைஞ்சவங்களோடது, அவங்க சரின்னு சொல்லாம ஒருத்தருக்கும் காட்டக் கூடாதுன்னு."

"ஆமா."

"அவங்க சரின்னு சொல்லல."

வேலைக்கு நடுவில் எங்கே ஒதுங்குகிறோம், எங்கே மறைவு இல்லை, யார் வருகிற திசையை யார் பார்த்துச் சொல்வது, மேஸ்திரி இல்லாதபோது எங்கே உட்காருகிறோம், இந்த மாதிரி விஷயங்கள் அந்த வரைபடத்தில் இருக்கின்றன என்று மட்டும் சொன்னாள், எது எங்கே என்று சொல்லவில்லை. என் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் மாமாதான் அங்கே மேஸ்திரி. நான் பதிவு செய்து, வகுப்பு முழுக்கத் திரும்பப் பார்க்கலாம் என்று ஏற்றிவைக்கும் வீடியோவில் இது போனால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்கள் யோசித்திருக்கிறார்கள். ரெஜினாவும் யோசித்திருக்கிறாள். நான்தான் யோசிக்கவில்லை. முழக்கம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இத அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல ரெஜினா?"

"எங்க சார் சொல்றது? கிளாஸ்லதான கேட்டீங்க. அதுவும் ரெக்கார்டு ஆவுது."

நான் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்ததற்காக அவளுக்கு ஆப்சென்ட் போட்டுக்கொண்டிருந்தேன். இதில் அவள் இழக்கப்போவது ஒரு வருடத்தை அல்ல, படிப்பையே. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகும் கேமராவைப் போடாமல் இருந்திருக்கிறாள். இத்தனை வருடம் இந்தப் பாடத்தை நடத்திய எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்குமா என்று யோசித்தேன். பதில் பிடிக்காததால் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

சரி, நான் கிளம்புகிறேன் என்றேன். தனலட்சுமி அக்கா விடவில்லை.

"வந்தது வந்துட்டாரு. திரும்பி நிக்கச் சொல்லும்மா."

ஆகவே நான் உப்புப் பாத்திக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தின பையன் மாதிரி நின்றேன். தலைமேல் வெயில், முன்னால் வெறும் ரோடு. அந்த வழியாகப் போன உப்பு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். மாஸ்க் போடும் சட்டம் அன்றைக்கு எனக்குச் செய்த உதவியை மறக்க மாட்டேன்.

பார்க்க ஒன்றுமில்லாததால் கேட்டேன். பலகை முனை ஈரத்தில் சரசரவென்று இழுபட்டது. "அங்க இல்லடி, இன்னும் தள்ளி." "அது போன வருசம், இப்ப அங்க முள்ளு வந்துடுச்சு." ஒரு இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சண்டை மாதிரி. ஒரு இடத்தில் சிரிப்பு. இன்னொரு இடத்தில் பலகை நின்றது. யாரும் பேசவில்லை. காற்று மட்டும். பிறகு ஒரு குரல், "அத வெரைவா போட்டுட்டு வாடி" என்றது. அந்த இடத்தில் என்ன வரைந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்பது, அந்த வரைபடத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. பார்த்திருந்தால் கோடு நேராக இருக்கிறதா, கலர் போட்டார்களா என்று பார்த்திருப்பேன். இத்தனை வருடமாகப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அதையே ஆய்வு என்று காட்டி வந்தவன் நான். ஆய்வு அந்தப் பேச்சிலும், பேசாமல் நின்ற இடத்திலும் இருந்தது. அதைக் கேட்க கேமரா எதற்கு?

முடிந்ததும் பெண்கள் கூடிப் பேசினார்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று. கடைசியில் தனலட்சுமி அக்கா முடிவைச் சொன்னார்: "நெழல் வேணும், ஒதுங்க ஒரு மறைப்பு வேணும். இத சொல்லு. மத்தது எங்களோடது." பிறகு மடையைத் திறந்தார்கள். தண்ணீர் பாத்திக்குள் ஏறும் சத்தம் கேட்டது. நான் திரும்பலாம் என்று ரெஜினா சொன்னபோது அங்கே தண்ணீரில் வானம்தான் தெரிந்தது.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இது வரும். ரெஜினாவுக்கு மட்டும் விலக்குக் கேட்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியெல்லாம் முதல்வரிடம் பேச வேண்டிய வசனத்தை ஒத்திகை பார்த்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் உறைத்தது. ஒருத்திக்கு மட்டும் விலக்கு என்றால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் அந்தப் பெண்களைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் அவள்மேல் சந்தேகம் விழும். ஒருத்தருக்கு விலக்குக் கொடுத்தால் மற்றவர்கள் எல்லோரும் அந்த ஒருத்தரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல்வருக்குப் போன் செய்து, நான் போட்ட விதி தப்பு, எல்லோருக்கும் எடுத்துவிடுகிறேன், பழைய ஆப்சென்டையும் எடுக்கிறேன், இதுவரை ஏற்றின பதிவுகளையும் அழிக்கிறேன் என்றேன். ஆதாரம் என்று அவர் ஆரம்பித்தார். வாய்மொழித் தேர்வு இருக்கிறது, தேர்வாளர் கேட்கட்டும், உண்மையாகச் செய்தவர்களால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும் என்றேன். தேர்வாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மொத்த வகுப்புக்கும் செய்முறை மதிப்பெண் போகும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு, சரிதானே என்று கேட்டார். சரி என்றேன். குரல் நடுங்கவில்லை. மறு கை மாதா படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அது போனில் தெரியாது. ஆன்லைனில் இப்படியும் சில வசதிகள் உண்டு.

மொத்த வகுப்பின் மதிப்பெண் என்பதால் வகுப்பிடமும் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. இனிமேல் யாரும் எதையும் காட்ட வேண்டாம், செய்யும்போது கேட்டதை, எங்கே பேச்சு வந்தது, எங்கே நின்றது என்பதைச் சொல்லுங்கள், போதும், ஆனால் தேர்வில் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது என்றேன். பிரகாஷ்தான் மைக்கைத் திறந்தான்.

"மாடு நக்குனதுக்கே மார்க் போட்டீங்க சார். பாத்துக்கலாம்."

ரெஜினாவிடம் அந்தக் கேமரா ஜோக்குக்காக வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன். பரவால்ல சார் என்றாள். அவளுக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கறாரான மனிதர் என்று பெயர் வாங்கியவர். திரையில் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்களிடம் குடைந்து குடைந்து கேட்டார். யாரும் தடுமாறவில்லை. மாட்டைப் பற்றி மட்டும் பிரகாஷிடம் நான்கைந்து கேள்வி கேட்டார். ரெஜினா முறை வந்தது. வரைபடத்தைக் காட்டுங்க என்றார்.

"இல்ல சார். தண்ணி விட்டுட்டோம்."

"போட்டோ?"

"எடுக்கல சார்."

"அப்ப எனக்கு எதுக்கு மார்க் போடச் சொல்றீங்க?"

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவள் பதறாமல் ஆரம்பித்தாள். யார் முதலில் பலகையைப் பிடித்தார், யார் பிடிக்க மறுத்தார், எந்த இடத்தில் சண்டை வந்தது, எந்த இடத்தில் எல்லோரும் வாயை மூடினார்கள். அவர்கள் சொல்லச் சொன்னது நிழலும் மறைப்பும், அதைச் சொல்கிறேன். மிச்சம் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், ஏன் சொல்ல மாட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன் என்றாள். நடுவில் அவர் திரை கறுத்துப் போனது. போச்சு, மனிதர் எழுந்து போய்விட்டார், மொத்த வகுப்பும் போச்சு என்று நான் பதறி, "சார், இருக்கீங்களா? சார், கேக்குதா?" என்று கத்த ஆரம்பித்தேன்.

கறுப்புக் கட்டத்திலிருந்து குரல் வந்தது. கேமராவை அவராகத்தான் அணைத்தாராம், கவனமாகக் கேட்பதற்கு, நீங்கள் தயவுசெய்து மைக்கை மூடுங்கள் என்றார். பிறகு, "நீ சொல்லும்மா, மொதல்லேர்ந்து, மெதுவா" என்றார்.

அவள் முதலிலிருந்து சொன்னாள். அந்த வருடம் எங்கள் துறையில் செய்முறையில் அதுதான் முதல் மதிப்பெண். ரெஜினா இறுதித் தேர்வு எழுதினாள், தேறினாள். அவள் அப்பா கெடு வைத்த அதே இரண்டு வருடத்துக்குள். அடுத்த உப்புப் பருவம் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பெண்கள் ஒன்றாகப் போய் உப்பளக்காரரிடம் பேசினார்கள். இப்போது அந்த வரப்போரம் கீற்றுக் கொட்டகை ஒன்றும் தகரத் தடுப்பு ஒன்றும் இருக்கின்றன. வரைபடத்தால் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வழியாகப் போகும்போது ஸ்கூட்டரின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன், அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தை இப்போது உங்கள் துறையில் நடத்துகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆமாம், நீங்கள் ரெஜினா மேடம் என்று பயந்து கூப்பிடுகிறவர்தான். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் சார் என்று அவர் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். வகுப்பு பாதி நேரில், பாதி ஆன்லைனில் என்று ஆகிவிட்ட காலம். புதுக் கருவி வரும், புது விதி வரும், அவசரத்தில் நீங்களும் முழக்கம் வைப்பீர்கள். வையுங்கள். வைத்தபிறகு, அது யார் வாயை அடைக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எழுதுவதற்கு முன்னால் அந்தப் பெண்களிடம் கேட்டுச் சொல்லும்படி ரெஜினாவிடம் சொன்னேன். தன் பெயரைப் போடலாம் என்று ரெஜினா சொன்னார். மேஸ்திரி போய் ரொம்ப நாளாச்சு, என் பெயரையும் போடு, இவ்வளவும் சொல்லு, இதற்குமேல் வேண்டாம் என்று தனலட்சுமி அக்கா சொல்லி அனுப்பினார். கூடவே ரெஜினாவின் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் வந்தது. வெள்ளை வெளேரென்ற உப்பளம், அதன் ஓரத்தில் ரோட்டைப் பார்த்து விறைப்பாக நிற்கும் ஒரு முதுகு, வேர்வையில் ஒட்டின சட்டை, மாஸ்க்கின் கயிறு மாட்டின இரண்டு காதுகள். அன்றைக்கே எடுத்தது. இத்தனை வருடமாக உப்பளத்துப் பெண்கள் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம்.

அனுமதி பற்றி எனக்கே பாடம் எடுத்தவர்கள் யாரைக் கேட்டு என்னைப் போட்டோ எடுத்தீர்கள் என்று பெரிய மெசேஜாகத் தட்டி அனுப்பினேன்.

"மூஞ்சி தெரியலயே சார்" என்று பதில் வந்தது.